நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(அகதிகள், நாடற்றோருக்கான சட்ட உதவிப் பணி குறித்து மாணவர் பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அகதி முகாம்களுக்குப் போய்ச் சட்ட உதவி செய்ய வேண்டும் என்று உங்களில் பலர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனா நான் சாதிச்ச கதையைச் சொல்ல வரல. செஞ்ச ஒரு தப்பைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு முகாமில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டிய ஒருவர் வந்தார். பெயிண்ட் அடிக்கப் போகிறவர். பிறந்தது 1976இல், நுவரெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 77 கலவரத்தில் குடும்பம் வவுனியாவுக்கு ஓடியிருக்கிறது. 1990இல் தோணி ஏறி மண்டபம். படிவத்தில் ‘எந்த நாட்டுக் குடியுரிமை’ என்று ஒரு கட்டம். நான் எதுவும் கேக்காம ‘இலங்கை’ன்னு எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டார்.

அடுத்த தடவை போனப்போ அவரோட அம்மா ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வச்சாங்க. உள்ளே அவர் அப்பாவுடைய இந்தியப் பாஸ்போர்ட். 1973இல் கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. அப்பா 1973இலேயே இந்தியக் குடிமகனாகப் பதிவாகிவிட்டார் என்றால், 1976இல் பிறந்த மகன் எங்கே பிறந்திருந்தாலும் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி வம்சாவளியில் இந்தியன். அதாவது அவர் அகதியே இல்லை. அவரை இலங்கையர் ஆக்கினது என் பேனா. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனால், “நீங்களே இலங்கைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே”ன்னு கேட்டாங்க. பதில் இல்லை. அந்தத் தப்பைத் திருத்தத்தான் இன்றைக்கும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

ஏன் எனக்குக் கேக்கத் தோணல? ‘ஈழ அகதி’ என்ற ஒரே பெயருக்குள் எல்லோரையும் போட்டு வைத்திருந்ததுதான் காரணம். மலையகம் என்று ஒன்று இருப்பது தெரியும். முகாமுக்குள் மலையகம் உட்கார்ந்திருக்கிறது என்பது உறைக்கவில்லை.

அந்த சனம் யார்? 1820களிலிருந்து காப்பித் தோட்டத்துக்கும், பின்னால் தேயிலைக்கும் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போன கூலிகள். அதில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். இங்கே சேரியில் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த நம்ம சனம். காடழித்துத் தோட்டம் போட்டு, நூறு வருசத்துக்கு மேல் அந்த நாட்டுக்குச் சோறு போட்டவர்களை, சுதந்திரம் வந்த கையோடு 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. அடுத்து ஓட்டுரிமையும் போனது. ‘கள்ளத்தோணி’ என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அங்கிருந்த தமிழ்த் தலைமையிலும் ஒரு பகுதி ஆட்சியாளரோடுதான் நின்றது.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதி பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டைப் பிரிக்கிற மாதிரி. எந்த லயத்திலும் போய், “உனக்கு எந்த ஊர் வேணும்?”னு எந்த அரசும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவர்களுக்கு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கும் மற்ற இடங்களுக்கும் அனுப்பினார்கள். யுத்தம் வந்து கப்பல் நின்றுபோனது. பாஸ்போர்ட் கையில் இருந்தும் ஏற முடியாதவர்கள், மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள், பிறகு தோணியில் வந்தார்கள். அவர்களுக்குப் பெயர் அகதி. அண்ணன் குடிமகன், தம்பி அகதி. இப்படியும் குடும்பங்கள் உண்டு.

இப்ப சட்டத்துக்கு வருவோம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. நாடற்றோர் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளிலும் இல்லை. அகதிக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று நாட்டவருக்குக் கதவு திறந்தது. அதில் இலங்கை இல்லை. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் போய் 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அது தண்டனை விலக்குதான், குடியுரிமை கிடையாது. ‘நான் வெளிநாட்டான் இல்லை’ என்று நிரூபிக்கிற சுமை பழைய சட்டத்திலும் புதுச் சட்டத்திலும் அந்த ஆள் தலையில்தான்.

அதனால தேதிகளை மனப்பாடம் பண்ணுங்க. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை என்றால், அப்பா அம்மாவில் ஒருவர் அப்போது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் ஒருவர் குடிமகனாக இருப்பதோடு, மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கவும் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. அவர் கையில் இருந்த ஆயுதம் ஒரு பிறப்புச் சான்றிதழ். முகாமுக்குள் மருத்துவச்சி கையில் பிறந்து, பதிவே ஆகாதவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டு தாண்டிய பிறப்பைப் பதிய கோட்டாட்சியரிடம் உத்தரவு வாங்க வேண்டும். இதுக்கு வக்கீல் வேண்டாம். நீங்க போதும்.

அதே மதுரைக் கிளையில் 2019இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மலையக வழிவந்த 65 பேர் வழக்கில், இத்தனை வருசம் நாடற்றவராக வைத்திருப்பது 21ஆம் உறுப்புக்கு எதிரானது என்றார். அவர்கள் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னார். 21ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். அதில் ‘குடிமகன்’ என்ற சொல் இல்லை. ‘எந்த நபரும்’ என்றுதான் இருக்கிறது. அண்ணல் தலைமையில் எழுதிய சட்டம் அது. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதையே நிலைநிறுத்தியது. முகாமுக்குப் போகும்போது இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலவச சட்ட உதவியும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் கிடைக்க வேண்டும். முகாம் பெண்களுக்கு இதைச் சொன்னவர் எத்தனை பேர்?

இன்னொன்று. எல்லோருக்கும் இந்தியக் குடியுரிமைதான் வேண்டும் என்று நீங்களாக முடிவு பண்ணாதீங்க. யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ திரும்ப நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாடும் இல்லை. இலங்கையும் 2003இல் இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமைச் சட்டம் கொண்டுவந்து, 2009 திருத்தத்தில் இந்தியாவுக்கு அகதியாக வந்தவர்களையும் சேர்த்தது. ஒரு கதவில் போடும் மனு இன்னொரு கதவை மூடிவிடலாம். அதைப் புரியும்படி சொல்வது நம்ம வேலை. எந்தக் கதவு என்பது அவங்க தீர்ப்பு. 1964இல் இரண்டு அரசும் கேட்காமல் விட்ட கேள்வியை நாமும் கேட்காமல் விட்டால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

‘நம்ம ஊர்ப் பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு, இது எதுக்கு?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1994 காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்த போராட்டம். அதற்குப் பிறகுதானே நம் பிள்ளைகள் தாலுகா ஆபீசில் போய் ஏ பதிவேட்டையும் அடங்கலையும் படிக்கக் கற்றார்கள்? நிலம் நம்முடையது, காகிதம் அவன் கையில். முகாமிலும் அதே கதை. குடியுரிமை இல்லாததால் அங்கே சாதி உண்டு, இடஒதுக்கீடு கிடையாது. திண்ணையில் உட்காரவைக்காத சாதி கடலைத் தாண்டியும் கூடவே போனது, கூடவே திரும்பி வந்தது. அதற்கு ஈடாகக் கிடைக்க வேண்டியது மட்டும் வரவில்லை.

கடைசியாக, போகப் போகிறவர்களுக்கு. கியூ பிரிவுக்காரர்கள் உங்களை விசாரிப்பார்கள். முறையாக அனுமதி வாங்கிப் போங்கள். அசல் ஆவணத்தை வாங்கி வராதீங்க, நகல் போதும். யாருடைய கதையையும் வெளியில் சொல்லாதீங்க. போட்டோ எடுக்காதீங்க. நாலு தடவை போயிட்டு நின்னுடறதா இருந்தா முதல் தடவையே போக வேண்டாம். முகாமிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மனு எழுத அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். நாம இல்லாமலும் அந்த வேலை நடக்கணும்.

முதல் நாள் பேனாவைத் திறக்காதீங்க. வீட்டில் உள்ள மூத்த அம்மாக்களிடம் உட்காருங்க. “எந்தத் தோட்டம்? அப்பா பேர்ல ஏதாவது காகிதம் இருக்கா?”ன்னு கேளுங்க. துணிப்பை வெளியே வரும் வரைக்கும் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும்.