ஊட்டிக்குப் போங்க, காரை வீட்லயே விட்டுட்டு

லாங் வீக்கெண்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ராத்திரி ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும்னு குரோம்பேட்டைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பெருங்களத்தூர், வண்டலூர் தாண்டி பரனூர் டோல்கேட் வரைக்கும் வண்டிங்க ஊர்ந்துதான் போகும். டூர் போறவங்க போய்ச் சேர்ந்துடுவாங்க. அந்தப் புகையும் ஹாரன் சத்தமும் நமக்கு.

இதே கூட்டத்தை அப்படியே ஒரு மலைமேல வெச்சுப் பாருங்க. அங்க இவ்வளவு அகலமான ரோடு கிடையாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவுல கொண்டை ஊசி வளைவு. காட்டுக்குள்ள போற ரோடுங்கறதால யானையும் காட்டெருமையும் அதே ரோட்டைத்தான் கடந்தாகணும். இன்னிக்கு எபிசோட்ல பேசப்போறது அந்த மலையைப் பத்தியும், அங்க போக நாம எடுக்கற இ-பாஸைப் பத்தியும்.

நீலகிரிக்கு சீசன் இல்லாத நாள்ல சுமார் 2,000 வண்டி வருது, சீசன்ல அது சுமார் 20,000 ஆகுதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துல ஒரு கணக்கு தாக்கலாச்சு. பத்து மடங்கு! ரோடு அதேதான், தண்ணி அதேதான், குப்பை அள்ளுற ஆளுங்களும் அதே பேர்தான். அதுக்கப்புறம்தான் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம்னு நீதிமன்றம் சொல்லுச்சு. 2024 மே 7-லேர்ந்து நடைமுறைக்கு வந்தது. முதல் வருஷம் யார் கேட்டாலும் பாஸ் கிடைச்சுது. எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிப் பார்க்கறதுதான் அப்போ முக்கிய நோக்கம்.

2025 சீசனுக்கு வரம்பு வெச்சாங்க. ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர்க்காரங்க வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் இந்த வரம்பு கிடையாது.

இதை எல்லாரும் கைதட்டி வரவேற்கல. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரியில கடையடைப்பே நடந்துச்சு. அவங்க கோபத்துல நியாயம் இருக்கு. அங்க காட்டேஜ் நடத்தறவர், டாக்ஸி ஓட்டறவர், வர்க்கி விக்கறவர், இவங்களுக்கெல்லாம் ஏப்ரல், மே ரெண்டு மாசம்தான் வருஷத்துக்கான வரும்படி. வண்டி குறைஞ்சா அவங்க வீட்டு அடுப்புதான் முதல்ல அணையும். அதே ஊர்ல, மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போகற ஆம்புலன்ஸும் அந்த டிராஃபிக்லதான் நிக்குது. கூட்டம் வந்தாலும் கஷ்டம், வராட்டியும் கஷ்டம். அப்போ என்னதான் பண்றது?

இங்கதான் நான் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். இந்த வரம்பு எண்றது வண்டிகளை. ஆட்களை இல்ல. 8,000 கார்ல, காருக்கு நாலு பேர்னு வெச்சா 32,000 பேர். அதே 32,000 பேர் 50 சீட் பஸ்ல போனா 640 பஸ் போதும். 8,000 எங்க, 640 எங்க! சாப்பிடற ஆள் குறையல, ரூம் எடுக்கற ஆள் குறையல. குறைஞ்சது ரோட்ல நிக்கற இரும்பு மட்டும்தான். இன்னும் சொல்லப்போனா, சொந்தக் கார் இல்லாம வர்றவர்தான் உள்ளூர் ஆட்டோவையும் டாக்ஸியையும் தேடுவார்.

வேற நாடுகள் வேற வழியில போறாங்க. வெனிஸ் நகரம் 2024-ல, பகல்ல மட்டும் வந்துட்டுப் போறவங்ககிட்ட குறிப்பிட்ட நாட்கள்ல 5 யூரோ கட்டணம் வாங்க ஆரம்பிச்சுது. பூடான், இந்தியர்கள்கிட்டயே ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய் வாங்குது. ஆனா விலையை ஏத்தினா காசு இருக்கறவனுக்கு மலை, இல்லாதவனுக்கு போட்டோன்னு ஆயிடும். வண்டியை எண்றது அதைவிட நியாயம்னு நான் நினைக்கிறேன். ஒரே ஒரு கண்டிஷன்: பஸ்ஸும் ரயிலும் ஒழுங்கா இருக்கணும்.

நம்ம ஏரியாவுல இருந்து எப்படிப் போகலாம்? குரோம்பேட்டையில லோக்கல் டிரெய்ன் ஏறி பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே சென்ட்ரல். அங்க ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். காலையில மேட்டுப்பாளையம். மலை ரயில்ல டிக்கெட் கிடைச்சா அதிர்ஷ்டம், கிடைக்கலன்னா குன்னூர் வழியா ஊட்டி பஸ். கொடைக்கானலுக்கு இன்னும் சுலபம். தாம்பரத்துலயே பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறலாம். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி, வத்தலக்குண்டு வழியா மேல போகலாம்.

"வயசான அம்மா இருக்காங்க, கைக்குழந்தை இருக்கு, பஸ்ல எப்படி?"னு கேப்பீங்க. சரியான கேள்விதான். அவங்களுக்குக் கார் தேவைதான். ஆனா நாலு காலேஜ் ஃபிரெண்ட்ஸ், ஆளுக்கு ஒரு பேக்பேக், எதுக்குக் கார்? அந்த நாலு பேர் பஸ் ஏறினா, அந்த அம்மாவுக்கு ஒரு பாஸ் மிச்சம். நம்ம பங்கு அவ்வளவுதான். மீதி அரசாங்கத்தோட வேலை. மேட்டுப்பாளையத்துல இருந்து சீசன்ல கூடுதல் பஸ், அடிவாரத்துல காரை நிறுத்தப் பாதுகாப்பான இடம், மேல சுத்திப் பார்க்க அடிக்கடி வண்டி. இது இல்லாம வரம்பு மட்டும் வெச்சா, கடைக்காரர் கோபம் தீராது.

குப்பை விஷயத்துல நீலகிரி ஏற்கெனவே வழி காட்டியிருக்கு. பிளாஸ்டிக் தடை அங்க 2000 வாக்குலயே வந்தாச்சு. 2022-ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பித் தர்ற திட்டம் அங்கதான் ஆரம்பிச்சுது. காட்டுல உடைச்சுப் போடற பாட்டில் காட்டு விலங்குகளைக் காயப்படுத்தறதுதான் காரணம். உபதேசம் கேக்காத ஆளும் 10 ரூபாய்க்காகத் திரும்ப வருவான். நல்ல விதின்னா அப்படித்தான் இருக்கணும்: சரியானதைச் செய்யறது சுலபமா இருக்கணும்.

அடுத்த லீவுக்கு பிளான் போடறவங்க இ-பாஸ் பக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி, ரயில் டிக்கெட் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. முடிஞ்சா ஒரு செவ்வாய், புதனா பார்த்துப் போங்க. கூட்டமும் குறைவு, ரூமும் மலிவு. போயிட்டு வந்து, மேட்டுப்பாளையத்துக்கு மேல பஸ் எப்படி இருந்துச்சுன்னு எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.