களஞ்சியம் காத்த அரசு
(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



சந்திரகுப்த மௌரியர் என்றவுடன், சந்திரகிரிக் குன்றில் சல்லேகனை நோற்று உயிர்நீத்ததாக நம் மரபு போற்றும் துறவியே நம் நினைவுக்கு வருகிறார். அவர் துறந்த அரசு எத்தகையது என்பதை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

அவர் காலத்தில் பாடலிபுத்திரத்திற்குத் தூதராக வந்த கிரேக்கர் மெகஸ்தனிஸ், அந்நகரை ஐவர் கொண்ட 6 குழுக்கள் நிர்வகித்தன என்று எழுதினார். கைத்தொழில், பிறப்பு இறப்புக் கணக்கு, வாணிகமும் அளவைகளும், செய்பொருள் விற்பனை, வரித்தண்டல் ஆகியவற்றை ஒவ்வொரு குழு கவனித்தது. மற்றொரு குழு அயல்நாட்டாரைப் பேணியது. அவர்கள் நோயுற்றால் மருத்துவம் செய்தது. இறந்தால் அடக்கம் செய்து, உடைமைகளை உறவினரிடம் சேர்ப்பித்தது.

பேரர் அசோகரோ, தாம் உணவு உண்ணும்போதும் அந்தப்புரத்தில் இருக்கும்போதும் மக்கள் குறையை உடனே தெரிவிக்கலாம் என்று பாறையில் பொறித்தார். அவருடைய 7ஆம் தூண் கல்வெட்டு, அறத்தைக் கண்காணிக்கும் அலுவலரின் பொறுப்பில் அடங்கியோருள் நிர்க்கிரந்தரையும் குறிப்பிடுகிறது. நிர்க்கிரந்தர் என்போர் நம் சமண முனிவரே அல்லரோ!

இவை யாவற்றினும் என் நெஞ்சைத் தொடுவது களஞ்சியமே. சாணக்கியர் பெயரால் வழங்கும் அர்த்தசாத்திரம், பண்டகசாலைப் பொருளில் பாதியை நாட்டு மக்களின் இடர்க்காலத்திற்கென ஒதுக்குமாறு விதிக்கிறது. பழைய தானியத்தை எடுத்துப் புதியதை வைக்கவும் சொல்கிறது. இஃது ஏட்டளவில் நின்றதன்று. கோரக்பூர் மாவட்டத்துச் சோகௌரா செப்பேடும், இன்றைய வங்கதேசத்தின் மகாஸ்தான் கல்வெட்டும் இடர்க்காலக் களஞ்சியங்களைப் பேசுகின்றன. இரண்டும் மௌரியர் காலத்தவை என்பது அறிஞர் பலரின் கருத்து. மகாஸ்தான் கல்வெட்டு, துன்புற்றோருக்கு நெல் வழங்குமாறு புண்டரநகர அதிகாரிக்கு ஆணையிடுகிறது; வளம் திரும்பியதும் களஞ்சியத்தையும் கருவூலத்தையும் மீண்டும் நிரப்ப வேண்டும் என்றும் கூறுகிறது.

அன்பர்களே, இந்த இரண்டாவது பகுதியைக் கருதுங்கள். கொடுப்பது கருணை, மீண்டும் நிரப்புவது கடமை. கருணை மட்டும் இருந்தால் களஞ்சியம் ஒரு பஞ்சத்தோடு முடிந்துவிடும். கடமையும் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறைக்கும் அது உதவும்.

பன்னீராண்டுப் பஞ்சத்தை முன்னுணர்ந்த பத்திரபாகு முனிவர் சங்கத்தைத் தென்திசைக்கு அழைத்துவந்தார் என்பது நம் மரபு. ஏன் வந்தார்? இல்லறத்தார் வீட்டில் அன்னம் இல்லையெனில், துறவறத்தார் தம் ஒழுக்கம் வழுவாது வாழ்வது அரிது. களஞ்சியம் வற்றினால் அறமும் வாடும்.

நம் அறக்கட்டளையும் ஒரு சிறு களஞ்சியமே. இதன் உதவியால் கல்வி பெற்றோர், மருத்துவம் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். அன்று நமக்குக் கொடுத்தோர் யார் என்பதுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. இன்று வளம் திரும்பியவர்கள், தாம் பெற்ற அளவேனும் திரும்ப நிரப்புவார்களாக! நாளை வந்து நிற்கும் பிள்ளைக்குக் களஞ்சியக் கதவு திறக்கும்போது உள்ளே நெல் இருக்க வேண்டும்.

அறம் வளர்க!