குளிரூட்டலும் மன்னார் எரிவாயுவும்



மன்னார்க் கடலடியில் 2011ஆம் ஆண்டு எரிவாயு கண்டறியப்பட்டது முதல், "வாயு கரைசேர்ந்தால் குளிர்களஞ்சியங்களுக்கு மின்சாரமே வேண்டாம்" என்போர் நம்மிடையே உளர். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய நாட்டில் அவ்வாசை எழுவது இயல்பே. (பின்னர் ஓரளவு குறைக்கப்பட்டதையும் மறைக்கமாட்டேன்.) ஆயினும் கணக்கைப் பாருங்கள்.

பெரிய மின்குளிர்ப்பொறி ஓரலகு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ ஐந்தலகு வெப்பத்தை அகற்றும். வாயுவை எரித்து இயங்கும் உறிஞ்சற்பொறியோ, ஓரலகு எரிவெப்பத்துக்கு ஒன்றேகால் அலகளவே அகற்றும். ஆகவே, வாயு மின்சார விலையின் காற்பங்கிலும் மலிவாக இருந்தாலன்றி எரிபொருட் செலவில் இலாபமில்லை. உச்சத் தேவைக்கெனப் பேராலைகள் செலுத்தும் தனிக்கட்டணம் குறைவது உண்மை. கோடைகால மின்னுச்சத்தைத் தணிக்கவே யப்பானியரும் வாயுக் குளிரூட்டலை ஊக்குவித்தனர். ஆனால் அப்பொறிகளிற் பெரும்பாலானவற்றில் குளிரூட்டியாக நிற்பது வெறும் நீர். உறைநிலைக்குக் கீழே அவை செல்லா. வைத்தியசாலைக்கு ஆகும், மீனை உறையவைக்க ஆகாது. அதற்கு அமோனியா முறை வேண்டும். அதன் பயன்விகிதமோ இன்னும் குறைவு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி விவசாயம் மாகாணத்தின் பொறுப்பு. எண்ணெயும் கனிவளமும் மத்தியின் பிடி. களஞ்சியம் நம்முடையது, எரிபொருளின் விலையை எழுதும் கை கொழும்பினது! ஆதலால், வாயு கரைசேருமுன்னரே அதன் விலைச்சூத்திரத்தையும் வடமாகாணத்தின் பங்கையும் எழுத்தில் தருமாறு கோரும் தீர்மானத்தை இம்மன்றின் முன் வைக்கின்றேன்.