கட்டி கரையுமா?

(தோட்டக் கிளை மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

தாய்மார்களே! சகோதரிகளே! பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆண் தோழர்களே!

இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. வெட்டுக்காட்டில் நீங்கள் காதோடு காதாகப் பேசிக்கொள்ளும் ஒன்றை வெளிப்படையாகப் பேச வந்தேன். மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி முளைக்கிறது, உடல் பருக்கிறது, பிள்ளை தங்குவதில்லை. இதைச் சினைப்பை நீர்க்கட்டி என்கிறோம். டாக்டர்கள் பி.சி.ஓ.எஸ். என்பார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் 100 பேரில் 6 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே இது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

“கட்டியைக் கரைத்துவிடும்” என்று சொல்லிச் சூரணம் விற்கிறார்கள். இல்லாத கட்டி எப்படிக் கரையும்? ஸ்கேனில் மணிமணியாகத் தெரிபவை முழு வளர்ச்சி அடையாமல் நின்றுபோன கருமுட்டைப் பைகள். இன்சுலின் சரிவர வேலை செய்யாமல், ஆண்களுக்குரிய ஹார்மோன் மிகும்போது முட்டை முதிர்ந்து வெளிவருவதில்லை. பழுது அங்கேதான்.

என் சொந்தத் தங்கை நான்கு ஆண்டு பொடி குடித்தாள். தோடு அடகுக்குப் போயிற்று. மலடி என்ற பேச்சும் கேட்டாள். கடைசியில் ரத்தம் சோதித்தபோது நீரிழிவு நோய் கண்டிருந்தது.

அப்படியானால் மூலிகையை ஒதுக்கிவிடுவதா? வேண்டாம், அளவறிந்து கொள்வோம். வெந்தயம் ரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கும். ஆனால் சர்க்கரை மாத்திரை உண்போர் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் மருந்தாக உண்ணலாகாது. ஸ்பியர்மின்ட் என்னும் புதினாத் தேநீரை 30 நாள் குடித்த பெண்களுக்கு ஆண் ஹார்மோன் குறைந்ததாக 2010இல் இங்கிலாந்தில் கண்டார்கள். முடி வளர்ச்சி அந்த நாட்களுக்குள் குறையவில்லை. பட்டை கறிக்குப் போடும் அளவே போதும். மிகுந்தால் சிலவகைப் பட்டை ஈரலைக் கெடுக்கும். கழற்சிக்காயைச் சித்த வைத்தியர்கள் தருகிறார்கள்; பெண்களிடம் பெரிய அளவில் சோதித்து அது உறுதியாகவில்லை.

டாக்டர் தரும் மெட்பார்மின் மாத்திரைக்கும் மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவின் கலீகா செடியில் கண்ட சத்தின் வழியே பிறந்தது அது. 1957இல் பிரெஞ்சு டாக்டர் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். செடிக்கும் மாத்திரைக்கும் பகையில்லை. அளவும் சோதனையுமே வேறுபாடு.

மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் காத்திராதீர்கள். கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் இடம் தரலாம். உடல் பருத்தவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு ஒழுங்காகிறது. கெட்டிப்பால் தேத்தண்ணியை முதலில் குறையுங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. கூலி போய்விடும் என்று அஞ்ச வேண்டாம். டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள். மறுத்தால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

ஆண் தோழர்களே! பிள்ளை இல்லையென்றால் நீங்களும் சோதனைக்கு வாருங்கள். குற்றத்தை மனைவியின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல.