தீவிலிருந்து வரும் திருத்தம்

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் செல்லும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழை வடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதுவரை தீவுகள் செயற்கைக் கோளையே பெரிதும் நம்பியிருந்தன. வடம் கரையேறாத தீவுகள் இன்னும் பல உள. திறந்த மூலநிரல் திட்டங்கள் தம் பங்களிப்பு முறையை வகுக்கும்போது இத்தகைய இடங்களை எண்ணிப் பார்ப்பது அரிது.

2008இல் தோன்றிய கிட்ஹப் போன்ற தளங்களில், மூலநிரலை நகலெடுத்து மாற்றி, அதனை ஏற்குமாறு வேண்டுகோள் விடுக்கலாம். புதியவருக்கு இது எளிது. தானியங்கிச் சோதனையும் உடன் நடைபெறும். ஆயின், மதிப்பாய்வு உரையாடல் இணையப் பக்கத்திலேயே நிகழ்வதால் நிலையான இணைப்பு வேண்டும்.

லினக்ஸ் கருநிரலோ மின்னஞ்சல் முறையையே கையாள்கிறது. திருத்தம் மடலாகச் செல்லும். பொறுப்பாளர் வரிவரியாக மறுமொழி எழுதுவார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் கருவி முழு வரலாற்றையும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் வைத்திருப்பதால், இணைப்பு அறுந்த நாளிலும் வேலை நிற்பதில்லை. பின்னர் அனுப்ப வேண்டியது பெரும்பாலும் சில கிலோபைட்டே. குறையும் உண்டு: மடல் மென்பொருள் வரிகளை மடக்கிவிட்டாலே திருத்தம் பொருந்தாது. புதியவர் பலர் இடறுவது இங்கேதான்.

அரசுப் பயன்பாடுகளின் மூலநிரலைத் திறந்து கூட்டாக வளர்க்கும் கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. அத்தகைய திட்டங்களை நடத்தும் அலுவலர்கள் இணையதள முறையை முதன்மையாகக் கொள்ளலாம். மடலில் வரும் திருத்தத்தை மட்டும் மறுத்தலாகாது. முதல் நகல்தான் பெருஞ்சுமை. அதனையும் கிட் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கப்பலில் கொடுத்தனுப்பலாம்.