ஒரு நாட்டின் புத்தகக் கணக்கு

(தொழிலாளர் வாசகசாலை ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நம் வாசகசாலையின் புத்தகப் பதிவேட்டை இந்த ஆண்டு புதிதாக எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறோம். பழைய நோட்டு கிழிந்துவிட்டது. பாதிப் புத்தகங்களுக்கு எண் இல்லை. எண் இருக்கும் சில புத்தகங்களோ அலமாரியில் இல்லை. இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று கேட்டபோது நண்பர்கள் சிலர் சொன்னார்கள்: “புத்தகம்தான் கண்ணெதிரே இருக்கிறதே, நோட்டு எதற்கு?”

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல இன்று நாம் ஆஸ்திரேலியா வரைக்கும் போய்வரப் போகிறோம். அங்கே ஒரு நாடே சேர்ந்து தன் புத்தகங்களுக்கு ஒரே பதிவேடு எழுதியது. அதைப் புதுப்பித்தது. ஒரு கட்டத்தில் அது இழுத்து மூடப்படும் நிலைமைக்கும் வந்தது. அந்தக் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில், கணக்கு என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மில்லில் வேலை செய்யும் தோழருக்குத் தெரியும்: மெஷினுக்கு வேண்டிய உதிரிப் பாகம் ஸ்டோரில் ஒரு மூலையில் கிடக்கும், லெட்ஜரில் ஏறியிருக்காது. “இல்லை” என்று பதில் வரும். மெஷின் நிற்கும். வயலில் வேலை செய்யும் தோழருக்கும் தெரியும்: வெயிலில் நின்று நாள் முழுக்க மண் வெட்டினாலும், மஸ்டர் ரோலில் பெயர் விட்டுப்போனால் கூலி இல்லை. புத்தகமும் அப்படித்தான். பட்டியலில் ஏறாத புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாத புத்தகமே.

இப்போது ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். சிட்னியிலிருந்து பெர்த் நகரம் 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. நடுவிலே பாலைவனம். ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் தொழிலாளி ஒருவர், எங்கோ உள்நாட்டுச் சிற்றூரில் இருந்துகொண்டு ஒரு புத்தகம் வேண்டுமென்று நினைக்கிறார். அது எந்த ஊர் நூலகத்தில் இருக்கிறது? யாரிடம் கேட்பது? ஒவ்வொரு நூலகத்துக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்காக ஏற்பட்டதுதான் கூட்டுப் பட்டியல். ஆரம்பத்தில் அது கார்டுகளில் இருந்தது. நூலகங்கள் தங்கள் பட்டியல் கார்டின் பிரதியைத் தலைநகர் கான்பராவில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு அனுப்பும். அங்கே அவற்றை வரிசைப்படுத்தி வைப்பார்கள். 1981-ல் இந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது.

அதன் அடிப்படை மிக எளிது. புதிய புத்தகம் ஒன்று வந்தால், பட்டியல் எழுதும் ஊழியர் அதைக் கையிலெடுத்து, ஆசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு, பக்கம், எந்தப் பொருளைப் பற்றியது என்பதையெல்லாம் குறிக்கிறார். அதற்கு நேரமும் படிப்பும் வேண்டும். அதே புத்தகத்தை நூறு நூலகங்கள் வாங்கினால், நூறு ஊழியர்கள் அதே வேலையை நூறு தடவை செய்வதா? வேண்டாம். ஒருவர் ஒரு தடவை எழுதட்டும். மற்றவர்கள் அதன் கீழே “எங்களிடமும் உண்டு” என்று மட்டும் குறிக்கட்டும். ஒருவர் உழைப்பு எல்லோருக்கும் பயன்படுகிறது. வாசகருக்கோ, எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்பது ஒரே இடத்தில் தெரிந்துவிடுகிறது. தன் ஊர் நூலகத்தில் சொன்னால், வேறொரு நூலகத்திலிருந்து இரவலாகத் தருவிக்கவும் வழி பிறக்கிறது.

ஆனால் தோழர்களே, பட்டியல் ஒரு தடவை எழுதி முடித்துப் பரணில் போடும் பொருள் அல்ல. அதற்கு ஓயாத பராமரிப்பு வேண்டும். ஏன்?

தினமும் புதுப் புத்தகங்கள் வருகின்றன. பழையவை தொலைகின்றன. ஒரே ஆசிரியர் பெயரை ஒரு நூலகம் ஒரு விதமாகவும், இன்னொன்று வேறு விதமாகவும் எழுதியிருக்கும். தேடுகிறவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஒரே புத்தகம் இரண்டு குறிப்புகளாகப் பதிவாகியிருக்கும். அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும். இணைக்கும் வேலையை இயந்திரத்திடம் விட்டால், வேறு வேறு பதிப்புகளையும் ஒன்றென்று நினைத்துச் சேர்த்துவிடும். அதைப் பிரிக்க மறுபடியும் மனிதர் வேண்டும். இதற்கு மேல், கம்ப்யூட்டர் அமைப்புக்கும் வயதாகிறது. பழைய தறிக்கு உதிரிப் பாகம் கிடைக்காமல் போவதுபோல, பழைய அமைப்பைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் கிடைக்காமல் போகிறார்.

ஆஸ்திரேலியாவிலும் இதுவே நடந்தது. 1990-களில் நியூசிலாந்து தேசிய நூலகத்தோடு கூட்டுச் சேர்ந்து முற்றிலும் புதிய அமைப்பு ஒன்றைக் கட்டப் புறப்பட்டார்கள். அது கரை சேரவில்லை, 1997-ல் கைவிட்டார்கள். 1999-ல் வேறொரு அமைப்பைக் கொண்டுவந்தார்கள். 2005-ல் அதையும் மாற்றினார்கள். 2009-ல் ‘ட்ரோவ்’ என்ற தேடும் சேவை பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது. கண்டெடுத்த புதையல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். புத்தகங்கள் மட்டுமல்ல, பழைய பத்திரிகைகள், படங்கள், கடிதங்கள், தேசப்படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடலாம். கட்டணம் கிடையாது. 2020-ல் அதுவும் புதுப்பிக்கப்பட்டது. நூலகங்களுக்கான கூட்டுப் பட்டியல் வேலையும் அந்தப் பெயரின் கீழேயே வந்தது.

புதுப்பித்தபோது எல்லோரும் கைதட்டினார்களா? இல்லை. பல ஆண்டு பழகியவர்கள், “பழைய வழி மறைந்துவிட்டது, தேடியது கிடைக்கவில்லை” என்று குறை சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. மில்லில் புது மெஷினை இறக்குகிறவர்கள் அதை ஓட்டுகிறவரைக் கேட்டுச் செய்தால் பாதித் தொல்லை குறையும். பட்டியலுக்கும் அதுவே விதி.

ஆனால் புதுப்பித்தலில் நாம் மனதாரப் பாராட்ட வேண்டிய காரியமும் ஒன்று உண்டு. வெள்ளையர் 1788-ல் வந்து குடியேறியபோது அந்த மண்ணில் பூர்வகுடி மக்கள் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசினார்கள். அந்த மொழிகளில் சொற்றொகுதிகளும் கதைகளும் பாடல்களும் நூலகங்களில் இருந்தன. ஆனால் பட்டியலில்? எந்த மொழி என்ற பெயரே பல குறிப்புகளில் இல்லை. தன் பாட்டனார் பேசிய மொழியைத் தேடும் பேரனுக்கு, புத்தகம் பத்தடி தூரத்தில் இருந்தும் கிடைக்காது. 2019-ல் தேசிய நூலகம் நாடெங்கும் உள்ள நூலக ஊழியர்களை அழைத்து, குறிப்புகளில் ஒவ்வொரு மொழிக்கும் உரிய அடையாளத்தைச் சேர்க்கும் வேலையைக் கூட்டாக நடத்தியது. புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது. மறைந்து கிடந்த மொழி வெளிச்சத்துக்கு வந்தது.

இனிப் பத்திரிகைகளின் கதைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் முதல் பத்திரிகை 1803-ல் சிட்னியில் வெளிவந்தது. அது முதல் பெரும்பாலும் 1954 வரையிலான பத்திரிகைகளைப் படம் எடுத்து, அச்செழுத்துகளை இயந்திரத்தைக் கொண்டு படிக்க வைத்தார்கள். பழைய அச்சு, மங்கிய மை, கிழிந்த தாள்! இயந்திரம் தாறுமாறாகப் படித்தது. ஒருவர் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும், அவரைத் தேடுகிறவர்களுக்கு அவர் இல்லை. என்ன செய்வது?

2008-ல் தேசிய நூலகம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. பத்திரிகைப் பக்கத்தின் படத்தை ஒரு புறமும், இயந்திரம் படித்ததை மறு புறமும் வைத்து, “யார் வேண்டுமானாலும் திருத்தலாம்” என்று ஜனங்களிடம் விட்டது. பாமரர்கள் கெடுத்துவிடுவார்கள் என்று பயப்பட்டவர்கள் உண்டு. நடந்ததென்ன? ஓய்வு பெற்றவர்கள், வீட்டு வேலைக்கு நடுவே நேரம் கண்ட பெண்கள், குடும்ப வரலாறு தேடியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து, காசு வாங்காமல் திருத்தினார்கள். திருத்தப்பட்ட வரிகள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. பொதுச் சொத்தைப் பொதுஜனத்தின் கையில் நம்பிக் கொடுத்தால் அவர்கள் காப்பாற்றுவார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

இதில் நம்மவர் கதையும் இருக்கிறது. 1945 ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. இந்தோனேசியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. பழைய எஜமானர்களான டச்சுக்காரர்கள் மறுபடியும் அந்த நாட்டைப் பிடிக்க, ஆஸ்திரேலியத் துறைமுகங்களிலிருந்து கப்பல்களை அனுப்ப முனைந்தார்கள். இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினார்கள். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கு ஏற்ற மறுத்தார்கள். அவர்களோடு, அப்போது தாமே அடிமை நாட்டவராக இருந்த இந்திய மாலுமிகளும் அந்தக் கப்பல்களை ஓட்ட மறுத்து நின்றார்கள். தாய்நாட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தூரத்தில், கையில் காசில்லாமல், வேறொரு நாட்டின் சுதந்திரத்துக்காக!

இந்தச் செய்தியை இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்நாளைய சிட்னிப் பத்திரிகைகள் அங்கே இருக்கின்றன. முதலாளிமார் நடத்திய பத்திரிகைகளும் இருக்கின்றன. 1939 முதல் 1991 வரை வந்த கம்யூனிஸ்ட் பத்திரிகையான ‘ட்ரிப்யூன்’ ஏடும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் எப்படி எழுதினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு செல்போன் போதும். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இப்படிப்பட்ட பொக்கிஷத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கிருந்து? நெருப்பாலும் வெள்ளத்தாலும் அல்ல. கஜானாவிலிருந்து!

ஆஸ்திரேலிய சர்க்காரில் 1987 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. இலாகாக்கள் ஆண்டுக்கு ஆண்டு திறமை கூடி வேலை செய்யும், ஆகவே ஆண்டுக்கு ஆண்டு பணத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்பது அதன் தத்துவம். ‘திறமை லாபம்’ என்று பெயர். பெரிய இலாகாவுக்கு அது நகம் வெட்டுவது. நூலகத்துக்கு விரலை வெட்டுவது. ஏனென்றால் கட்டிடம் காக்கவும், புத்தகம் காக்கவும், பட்டியல் எழுதவும் ஆகும் செலவு குறைவதில்லை. புத்தகம் பெருகப் பெருக அது கூடத்தான் செய்யும்.

2016-ல் வெட்டு ஆழமாக விழுந்தது. பணம் தராவிட்டால் மியூசியங்கள், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றின் சேகரிப்புகளைப் புதிதாகச் சேர்க்க முடியாது என்று தேசிய நூலகம் அறிவித்தது. ஜனங்கள் கொதித்தார்கள். அந்த ஆண்டு முடிவில் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 64 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் அது தவணைப் பணம். தவணை தீர்ந்ததும் பழைய கதைதான். 2022 கடைசியில் நூலகம் பகிரங்கமாகச் சொல்லிவிட்டது: மேற்கொண்டு பணம் இல்லையென்றால், 2023 ஜூலைக்கு மேல் ட்ரோவ் இருக்காது!

ஆண்டுக்கு 2 கோடி தடவைக்கு மேல் ஜனங்கள் வந்து பார்க்கும் சேவை. கோடிக்கணக்கான வரிகளை ஜனங்களே திருத்திக் கொடுத்த சேவை. அதை அணைத்துவிடுவதா? ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், சரித்திரக்காரர்கள், திருத்தும் தொண்டர்கள் என்று எல்லோரும் எழுந்தார்கள். மனுக்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் விழுந்தன. 2023 ஏப்ரலில் சர்க்கார் இறங்கி வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு 3 கோடியே 30 லட்சம் டாலர். அதற்குப் பிறகும், ஆண்டுதோறும் 92 லட்சம் டாலர், விலைவாசிக்குத் தக்கபடி உயர்த்தித் தருவதாகவும் அறிவித்தது. தவணைப் பிச்சை நிரந்தர உரிமையாக மாறியது. கிளர்ச்சியின் உண்மையான வெற்றி இந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது.

இதிலிருந்து நாம் என்ன படிக்கிறோம்?

தொண்டர்கள் இலவசமாகத் திருத்துகிறார்களே, சம்பள ஊழியர் எதற்கு என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு நமது பதில் இது: தொண்டர் ஊருணியில் தூர் வாரலாம், கரை உடைந்தால் கட்டத் தெரிந்த கொத்தனாருக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கும் பொறியாளரும், பட்டியல் எழுதும் நூலக ஊழியரும் இல்லாவிட்டால், தொண்டர்கள் திருத்திய கோடி வரிகளும் ஒரே நாளில் இருட்டில் போய்விடும்.

அதேபோல, சர்க்கார் பணம் கொடுத்துவிட்டால் ஜனங்கள் சும்மா இருக்கலாம் என்பதும் தவறு. அந்தச் சேவையைப் பல்லாயிரம் பேர் தம் கைபட்ட சொத்தாக நினைத்தார்கள். ஆகவேதான் அதை மூடவிடாமல் அவர்களால் தடுக்க முடிந்தது. யாரும் தொடாத பொருளை மூடினால் யார் கேட்பார்கள்?

ஆகவே தோழர்களே, நம் சின்ன வாசகசாலையின் பதிவேட்டுக்குத் திரும்புவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வேலை தொடங்குகிறது. இரண்டு பேர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் தலைப்பையும் ஆசிரியரையும் உரக்கப் படிக்க வேண்டும். எழுத்து நன்றாக இருக்கும் ஒருவர் எழுத வேண்டும். பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். ஆண்டைக் குறிக்காமல் விடாதீர்கள். நம் சங்கத்தின் பழைய துண்டுப் பிரசுரங்கள் ஒரு தகர டப்பாவில் கிடக்கின்றன; அவற்றையும் பட்டியலில் ஏற்றுங்கள். கூலி உயர்வுக்காக நம் தகப்பன்மார் நின்ற நாட்களின் கணக்கு அவற்றில்தான் இருக்கிறது. வேறு எந்த நூலகத்திலும் அது கிடைக்காது.

வருகிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள்.