கிணற்றடிக் கேமராவுக்கும் பூட்டு வேண்டும்



மோட்டார் திருட்டு, கேபிள் திருட்டு இவற்றுக்கு அஞ்சி உங்களில் பலர் கிணற்றடியில் கேமரா பொருத்தியிருக்கிறீர்கள். வீட்டிலிருந்தே மோட்டாரை இயக்கும் மொபைல் ஸ்டார்ட்டரும் பல தோட்டங்களுக்கு வந்துவிட்டது. நல்ல சாதனங்களே. ஆனால் கைப்பேசி வழியே நீங்கள் பார்க்கும் கேமராவைப் பிறரும் பார்க்க வழியுண்டு. தோட்டத்தில் ஆளில்லாத நேரத்தைத் திருடனுக்கு நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

கேமராவும் அதன் பதிவுப் பெட்டியும் தொழிற்சாலையிலிருந்தே ஒரு பாஸ்வேர்டுடன் வருவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. ஒரு மாடல் முழுவதற்கும் அது ஒன்றே. கடையிலுள்ள பூட்டுகளுக்கெல்லாம் ஒரே சாவி என்றால் எப்படியிருக்கும்? 2016-ஆம் ஆண்டில் மிராய் என்ற தீய நிரல் இந்த வழியில்தான் நுழைந்தது. இத்தகைய பாஸ்வேர்டுகள் ஏறக்குறைய 60-ஐ மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தே, உலகெங்கும் லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்தது. அவற்றை ஏவி, அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே சில மணி நேரம் முடக்கினார்கள். கேமராவை நிறுத்திப் போட்டால் நிரல் அழிந்துவிடும். பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். கோரைப் புல்லை மேலாகச் செதுக்கிவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்ட கதைதான்.

எனவே பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்றுதல் வேண்டும். 1234, ஊர்ப்பெயர், கைப்பேசி எண் இவை ஆகா. தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து வையுங்கள். நோட்டில் எழுதக்கூடாது என்பாரும் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. இந்தத் திருடன் வருவது இணையம் வழியாக, உங்கள் பீரோ வழியாக அல்ல.

இன்னொன்றை அநேகர் கவனிப்பதில்லை. கேமரா மாட்ட வந்தவரே தம் கைப்பேசியில் கணக்கைத் தொடங்கி, உங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் உரிமையாளர் கணக்கு உங்கள் எண்ணில்தான் இருக்கவேண்டும். பணம் கொடுக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டரில் பதிவாகியுள்ள எண்களையும் பாருங்கள். குத்தகைதாரர் மாறினால் அவர் எண்ணை உடனே நீக்கவேண்டும். நீங்கள் கைவிட்ட சிம் எண் பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரும்; அதையும் நீக்குங்கள். கிணறு வற்றியிருக்கும்போது யாரோ மோட்டாரை ஓட்டிவிட்டால் காயில் கட்டும் செலவு உங்களுடையது. ஸ்டார்ட்டருடன் வந்த ரகசிய எண்ணையும் மாற்ற முடியுமா என்று கடைக்காரரிடம் கேட்டு, அவரையே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்ற முடியாத மாடல் என்றால் வாங்காதீர்கள்.